கிணற்றுக்குள் கட்டிய வேலி

குஞ்சம்மாவின் கல்வெட்டு ஒற்றை றூள் கொப்பித் தாளில் அச்சாகியிருந்தது. அரசாங்கம் பொருள்களுக்குத் தடை போட்டிருந்த காலம், வெள்ளைத் தாள் யாழ்ப்பாணத்துக்கு வராது. பிள்ளைகள் பாடம் எழுதும் அந்தக் கோட்டுத் தாளில்தான் பத்திரிகை வந்தது, கலியாண அழைப்பு வந்தது, செத்தவர்களின் புகழும் வந்தது. எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. செத்தவரின் பரம்பரையையும் குணங்களையும் பாட்டாக்கி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டத்தோடு நீட்டும் சின்னப் புத்தகம். நீலக் கோடுகளின்மேல் கறுத்த எழுத்தில், விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறிய என் அம்மாவின் தங்கை குஞ்சம்மா வெண்பாவாகிக் கிடந்தாள்.

பாடியவர் ஊர்ப் பண்டிதர். யார் செத்தாலும் அவர்தான் பாடுவார். ஆணென்றால் கற்பகதரு, பெண்ணென்றால் குலவிளக்கு. மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் குலவிளக்குக்கு மட்டும் பஞ்சமில்லை. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: ‘அண்ணன்சொல் தட்டாத அருமைத் தங்கை.’ எனக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டுச் சிரிப்பு, சேலைத் தலைப்பால் அமத்திக்கொள்கிற சிரிப்பு. அந்த வரியை எழுதுவித்த அண்ணன், எங்கள் பெரியமாமா, முன்வரிசைக் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பண்டிதர் திருப்பித் தந்துவிட்டார்.

“பிள்ளை, கிணத்துக் கதையெல்லாம் கல்வெட்டுக்குச் சரிவராது. அதோடை உதிலை எதுகை மோனை ஒண்டையும் காணேல்லை.”

எதுகைக்கு நான் எங்கே போவேன்? கிணற்றுக்கு எதுகை வேலி என்று எழுதி வைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் கதைதான் இது. பண்டிதர் பாடாதது; பாடினாலும் சந்தம் இடறுவது.

குஞ்சம்மாவைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல என்னால் ஏலாது. பட்டினத்துக் கரையோரம் ஒரு பெண்கள் பாடசாலையில் தலை நரைக்கும்வரை விஞ்ஞானம் படிப்பித்தவள். கொக்குவிலிலிருந்து காலை பஸ்ஸில் போவாள். கஞ்சி போட்ட நூற்சேலை, கையில் குடை, யாரையும் நெருங்கவிடாத ஒரு விறைப்பு. வகுப்பில் பாதிப் பேர் மீன்பிடிக் கரையான குருநகர்ப் பிள்ளைகள். கடற்காற்று யன்னலால் வந்து கரும்பலகையைப் பிசுபிசுக்க வைக்கும். ‘நீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது’ என்று அவள் சொல்ல, வகுப்பு திருப்பிச் சொல்லும். பிழையாக விடை சொல்கிற பிள்ளையை அடிக்கமாட்டாள். மேசையில் ஊர்ந்த எதையோ பார்ப்பதுபோலப் பார்த்து, “உன்ரை தலைக்குள்ளை கிடக்கிறது மூளையோ தேங்காய்த் தும்போ?” என்பாள். அவளிடம் படித்தவர்கள் எல்லாரிடமும் அந்தத் தும்பு இருக்கிறது. இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் விஞ்ஞானம் பாடசாலைக் கேற்றோடு நின்றுவிடும். கிரகணத்தன்று வகுப்பில் பூமியின் நிழலைப் படம் கீறிக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சோற்றுப் பானைக்குள் தர்ப்பை போடுவாள். மீன்காரிக்குத் தாகமென்றால் குவளை வராது. குஞ்சம்மா செம்பைச் சரிக்க, அந்தப் பெண் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். மீன் சட்டிக்குள் போகலாம், சோற்றோடு வயிற்றுக்குள்ளும் போகலாம். மீன் விற்ற கை செம்பில் படக்கூடாது. நீருக்குப் புத்தகத்தில் இல்லாத நாலாவது குணம் ஒன்றை எங்கள் குடும்பம் கண்டுபிடித்து வைத்திருந்தது. உலகம் இன்னும் பரிசு தரவில்லை.

எண்பத்துமூன்றில் கொழும்பில் வீடு எரிய, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய எங்களை அதே குஞ்சம்மாதான் சேர்த்துக்கொண்டாள். அவள் புருசன், என் சித்தப்பா, அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். அவள் பாடசாலையிலிருந்து இளைப்பாறியது அந்த வருஷம்தான். பிள்ளைகளைப் பிறகு ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அவர்களுக்கு அவித்த கை ஓயாமல் எங்களுக்குப் பிட்டு அவித்தாள். முதல் நாள், கப்பல் நாற்றமும் பல நாள் மாற்றாத உடுப்புமாகப் படலையில் நின்ற அம்மாவையும் அப்பாவையும் என்னையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினாள். எங்களை ஒருவரும் கிருமி என்று சொல்லவில்லை. நாங்கள் சொந்தக்காரக் கிருமிகள்.

அது பங்குக் கிணறு. அவளுக்குச் சீதனமாக வந்த வளவுக்கும் பெரியமாமாவின் வளவுக்கும் நடுவே, எல்லையின்மேல் குந்திக்கொண்டிருந்தது. தென்னோலைக் கிடுகு வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நின்றுவிடும். அந்தப் பக்கம் மாமாவின் கப்பி, இந்தப் பக்கம் குஞ்சம்மாவின் கப்பி. ‘கிணற்றில் அரைப்பங்கு’ என்று இரண்டு பேரின் காணி உறுதிப் பத்திரத்திலும் எழுதியிருந்தது. வட்டத் தண்ணீரை எந்த நொத்தாரிசு எந்தக் கத்தியால் பாதியாக்கினாரோ தெரியாது. மாமாவுக்கு அந்த வரி தேவாரம்போல. அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர், வேட்டி மடிப்புக் குலையாதவர், காலையும் மாலையும் நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாள்களில் விளைமீன் இல்லாமல் சோறு இறங்காது.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கியது. கோட்டையைச் சுற்றி அடிபாடு. குருநகர்ப் பக்கம் ஷெல் விழ, கரையோரச் சனம் கையில் அகப்பட்டதோடு உள்ளூருக்கு வந்தது. எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் இருந்த பாடசாலை நிறைந்தது. வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். ஊரே அள்ளினால் கிணறு என்ன செய்யும்? பாடசாலைக் கிணறு கலங்கி, மண்ணைக் கரைத்ததுபோல வந்தது.

ஒரு காலை எங்கள் படலையில் ஒருத்தி குடத்தோடு நின்றாள். நடுவயதுக்காரி. கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை.

“ரீச்சர், என்னைத் தெரியுதோ?”

குஞ்சம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள்.

“கடைசி வாங்கு. யன்னல் பக்கம். பாடம் நடக்கக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறவள்.”

“அப்பு வள்ளத்திலை வாறாரோ எண்டு பாக்கிறனான், ரீச்சர்.”

“சோதினையிலை நீரின்ரை இயல்பு என்ன எண்டு கேக்க, ‘உப்பு’ எண்டு எழுதினவள் நீதானே?”

“எங்கடை கிணத்துத் தண்ணி உப்புத்தானே. பொய்யே எழுதச் சொல்லுறியள்?”

“அதுக்கு நான் என்ன போட்டனான்?”

“முட்டை.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரி, எங்கள் பேச்சில் கடைசி வாங்குக்காரி, வந்த காரியத்தைச் சொன்னாள். ஓடிவருகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னர்தான் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பயத்தில் தாய்ப்பால் நின்றுபோயிற்று. போத்தல் பால். பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வயிற்றாலை போய், ஒருமுறை ஆஸ்பத்திரிவரை போய் மீண்டுவிட்டது. கொதிக்க வைக்க விறகு இல்லை. “பால்மா கரைக்க ஒரு குடம் நல்ல தண்ணி, ரீச்சர். வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு குடம்தான். இரண்டு வகுப்பறை மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தியிருந்த, இன்னும் பேர் வைக்காத ஒரு பெண் குழந்தைக்குப் போகவேண்டிய குடம். மற்ற நாங்கள் எல்லாரும் அந்தக் குடத்துக்கும் அந்த வாய்க்கும் நடுவில் நின்ற ஆக்கள்.

குஞ்சம்மா அள்ளி ஊற்றினாள். அள்ளி ஊற்றுவது எங்கள் தர்மம். கயிற்றைக் கையில் கொடுப்பது வழக்கமில்லை. கடைசி வாங்குக்காரி குடத்தைக் கட்டுக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். குஞ்சம்மா ஊற்றுவாள். தினமும் காலையில் இது ஒரு பூசைபோல நடந்தது. கிறிஸ்தவர்களை நாங்கள் வேதக்காரர் என்போம்; சைவம் வேதத்துக்குத் தண்ணீர் வார்க்கிறது என்று அப்பா பகிடி விடுவார். பிறகு ஒருநாள் குஞ்சம்மாவின் வலத்தோள் பிடித்துக்கொண்டது. வாளி பாதியில் நிற்க, கயிற்றை அவளிடம் நீட்டினாள்.

“இந்தா, நீயே அள்ளு. எனக்குக் கை ஏலாது.”

இதைப் புரட்சி என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். வாதம். வெறும் தோள்மூட்டு வாதம். எங்கள் ஊரில் நடந்த நல்லதில் பாதி இப்படி யாரோ ஒருவரின் மூட்டு நோவில்தான் நடந்தது.

கடைசி வாங்குக்காரி வள்ளக் கயிறு இழுத்த கைக்காரி. குஞ்சம்மா ஒரு வாளி இழுக்கிற நேரத்தில் நாலு வாளி ஏறியது. கப்பி வேறு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் வேலி தாண்டி மாமாவின் காதுக்குப் போயிற்று.

“பிள்ளை, உது ஆர் எங்கடை கிணத்திலை?”

“என்ரை மாணவி.”

“கயித்தைத் தொடுறாள்.”

“தொடாமல் அள்ளுறது எப்பிடியெண்டு நான் இன்னும் படிப்பிக்கேல்லை, அண்ணை.”

மாமா குரலைத் தணித்தார். அந்த நாள்களில் சாதி என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பயம். பொடியளின், இயக்கத்துப் பிள்ளைகளின், காதுக்குப் போனால் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். நல்ல கொள்கைகள் எங்கள் பெரியவர்களிடம் இப்படித்தான் வந்து சேர்ந்தன, பயமாக. அதனால் அவர் விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஒண்டும் அந்தக் கதை கதைக்கேல்லை. எனக்கு ஆக்களிலை வித்தியாசம் இல்லை. நான் சொல்லுறது கிருமி. கிருமி, கண்டியோ? நீ படிப்பிச்சதுதானே.”

“போன மாசம் வரையும் உவையின்ரை கையாலை வந்த விளைமீனைத்தானே திண்டனியள். அதிலை கிருமி இல்லையோ?”

“அது சட்டியிலை கொதிச்சுப் போகும்.”

கடைசி வாங்குக்காரி குடத்தை இடுப்பில் வைத்தபடி நிலத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையையா என்று எனக்குத் தெரியவில்லை.

“அரைக் கிணறு என்ரை,” என்றார் மாமா. “உன்ரை அரையிலை நீ என்னவும் செய். என்ரை அரைக்குள்ளை உவளின்ரை வாளி வரக்கூடாது.”

குஞ்சம்மா உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு கறுத்தப் போத்தலோடு வந்தாள். கொண்டீஸ் துகள். வகுப்பில் அதைப் ‘பொற்றாசியம் பரமங்கனேற்று’ என்று எழுதவைப்பாள். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு துகளைப் போட்டு, நிறம் எப்படிப் பரவுகிறது என்று காட்டுவாள். அதுதான் அவளுக்குப் பிடித்த பாடம் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

“அண்ணை, உங்கடை பக்கத்துக் கட்டிலை வந்து நிண்டு எட்டிப் பாருங்கோ.”

தன் பக்கத்துக் கட்டில் நின்று துகளைத் தூவினாள். ஊதா நூல் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. இறங்கி, அவிழ்ந்தது. புகைபோல, அவிழ்த்துவிட்ட கூந்தல்போல, நினைத்த பக்கமெல்லாம் போயிற்று. தன் வாளியாலும் நாலுதரம் கலக்கிவிட்டாள். நிறம் உறுதியை வாசிக்கவில்லை. எல்லையில் நின்று செருப்பைக் கழற்றவில்லை. மெல்ல, வெட்கமே இல்லாமல், மாமாவின் அரைக்குள் போய், அவருடைய பக்கத்துச் சுவரில் முட்டி, அவருடைய முகத்தின் நிழலையும் ரோஸ் நிறமாக்கியது.

“எங்கை அண்ணை உங்கடை அரை? காட்டுங்கோ, பாப்பம்.”

மாமா குனிந்து பார்த்தார். அவருக்கு விளங்கிற்று. அதுதான் கேவலம். விளங்காதவனை மன்னித்துவிடலாம். கண்ணெதிரே காட்டிய உண்மையை முழுசாக ஒப்புக்கொண்டு, தலையை ஆட்டி, ஒரு நல்ல மாணவனைப்போலச் சொன்னார்:

“மெய்தான். கீழாலை வேலி இல்லைத்தானே.”

பரிசோதனை சரி. அவதானம் சரி. முடிவு: வேலி போதாது. குஞ்சம்மா வாழ்நாளெல்லாம் படிப்பித்த பாடத்தின் விளைவைத் தன் கூடப்பிறந்தவனின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அந்தப் பார்வை வந்தது, மேசையில் ஊர்ந்ததைப் பார்க்கிற பார்வை. ஆனால் தும்பு என்ற சொல் வரவில்லை. தும்புக்கும் ஒரு பயன் உண்டு என்று நினைத்தாளோ என்னவோ.

சீமெந்துக்குத் தடை. இல்லாவிட்டால் மாமா கிணற்றுக்குள் மதிலே எழுப்பியிருப்பார். கிடுகுக்குத் தடை இல்லை. பச்சைத் தென்னோலையில் இழைத்த புதுக் கிடுகுகளைப் பனஞ்சலாகையில் வரிந்து, அடியில் கல்லுக் கட்டி, கட்டிலிருந்து தண்ணீருக்குள் ஆழமாக இறக்கினார். இறங்கிக் கட்டியவர்கள் கூலிக்கு வந்த இரண்டு பேர். அவர்கள் எந்த ஆக்கள் என்று மாமா கேட்கவில்லை. கூலிக்கு இறங்கினால் கிருமி இல்லை. ஒழுங்கையே வந்து எட்டிப் பார்த்தது. கிணற்றுக்குள் வேலி! நுளம்புக் குடம்பி, கொசுப் புழு, தின்னவென்று குஞ்சம்மா விட்டிருந்த மீன்குஞ்சுகள் கிடுகில் முட்டி முட்டித் திரும்பின.

“ரீச்சர்,” என்றாள் கடைசி வாங்குக்காரி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “உந்த மீன் அங்காலை போறதெண்டால் பாஸ் எடுக்கோணுமோ?”

“விண்ணப்பப் பத்திரம் அண்ணையிட்டை இருக்கும். போய்க் கேள்.”

அந்த நாள்களில் ஊரைவிட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். சிரித்த ஆக்கள் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

தென்னோலையைத் தண்ணீரில் ஊறவிட்டால் என்ன மணக்கும் என்று எங்கள் ஊரில் கேட்டுத் தெரியவேண்டியதில்லை. கிடுகு பின்னுகிற வீடுகளில் ஓலை ஊறுகிற குழியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அதையேதான் மாமா தன் குடிதண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தார். அது கோடையின் கடைசி. தண்ணீர் கீழே போயிருந்தது. கிழமைகள் போக, தண்ணீர் முதலில் தேயிலைச் சாயம்போல ஆயிற்று. பிறகு மணக்கத் தொடங்கிற்று. மீன்குஞ்சுகள் இரண்டு பக்கமும் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. சாவதற்கு அவற்றிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை.

“உன்ரை அரையிலை இருந்துதான் மணக்குது,” என்று மாமா வேலிக்கு மேலால் குற்றம் சொன்னார்.

கடைசி வாங்குக்காரி வேறு வீடுகளுக்குக் குடத்தோடு போனாள். குஞ்சம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். ஒரு வீட்டில் துடக்கு, தீட்டாம். ஒரு வீட்டில் நாய் கடிக்கும். ஒரு வீட்டில், ‘ரீச்சருக்கெண்டால் தாறம், உவளின்ரை குடத்துக்கு ஏலாது’ என்றார்கள். தன்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகள்தான் பாதி. வெறுங்குடத்தோடு திரும்பி வந்து குஞ்சம்மா குசினிப் படியில் இருந்தாள். “உவையளுக்கெல்லாம் நான்தானே புள்ளி போட்டனான்,” என்றாள். தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த காலை கடைசி வாங்குக்காரி வந்தபோது பகிடி ஒன்றும் கொண்டுவரவில்லை.

“ரீச்சர், பிள்ளைக்குத் திரும்பவும் வயித்தாலை போகுது. கண் உள்ளுக்கை போயிட்டுது.”

குஞ்சம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வகுப்பறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தாள். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. அவள் வீட்டுக்கு நடந்து, குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

கிணற்றுக்குள் தொங்கிய வேலியின் மேற்பாதி வெயிலில் நன்றாய்க் காய்ந்திருந்தது. அதை இழுத்து இழுத்து அறுத்தாள். நானும் கடைசி வாங்குக்காரியும் வாங்கிக் குவித்தோம். மேற்பாதி எங்கள் கையில் வர, பிடியிழந்த கீழ்ப்பாதி, அழுகிய பாதி, கல்லோடு தண்ணீருக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மாமா ஓடிவந்தார்.

“விசரோ உனக்கு? கிணத்தைப் பழுதாக்கிப்போட்டாய்!”

“நான் வேலியைத்தான் வெட்டினனான். கிணத்தைப் பழுதாக்கினது ஆரெண்டு மணந்து பாருங்கோ.”

மாமாவின் வேலி நல்லாய் எரிந்தது. காய்ந்த கிடுகு அப்படித்தான், சடசடவென்று பேசிக்கொண்டு எரியும். அதற்குமேல் பானையை வைத்து, அதே கிணற்றின் நாறல் தண்ணீரைச் சேலைத் துண்டில் பலமுறை வடித்துக் கொதிக்க வைத்தாள். ஆறவிட்டு, உப்பும் சீனியும் அளந்து கரைத்தாள். பிறகு அந்த மேசைக் கட்டிலின் பக்கத்தில் ஒரு மாணவியின் கதிரையில் இருந்துகொண்டு, பகல் முழுவதும் கரண்டி கரண்டியாக அந்த வாய்க்குள் விட்டாள். அவளுக்குத் தாலாட்டுத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததுதான் வந்தது.

“குடி. விழுங்கு. உனக்கும் தலைக்குள்ளை தும்போ?”

பொழுதுபடுகிற நேரம் குழந்தை அவளுடைய கஞ்சிச் சேலையில் மூத்திரம் பெய்தது. குஞ்சம்மா அசையவில்லை. நனைந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, வகுப்புக்கு முன்னால் நின்று முடிவைச் சொல்கிற குரலில் சொன்னாள்:

“நீர் வெளியேறிட்டுது. இனிப் பயமில்லை.”

அவளுடைய ஆயுளில் அவள் சொன்ன கவிதை அது ஒன்றுதான். பண்டிதருக்கு அதில் எதுகை கிடைத்திருக்காது.

கிணற்றை இறைத்துத்தான் ஆகவேண்டும். மாமாவின் தண்ணீர்ப் பம்பு டீசல் இல்லாமல் சாக்கு மூடிக் கிடந்தது. அவர் வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கடைசி வாங்குக்காரியின் புருசனும் அவருடைய தம்பிமாரும் வந்தார்கள். கடலுக்குப் போகமுடியாத ஆண்கள், கை பரபரத்துக்கொண்டிருந்தவர்கள். படலையில் நின்று, “இறங்கலாமோ ஐயா?” என்று மாமாவைக் கேட்டார்கள். உண்மையான மரியாதையோடுதான் கேட்டார்கள். மாமா வானத்தைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார்.

“இறங்குங்கோ,” என்றார். “இறைச்சு முடியக் கடைசியா மஞ்சள்தண்ணி தெளிக்கோணும்.”

“தெளியுங்கோ,” என்றாள் குஞ்சம்மா. “ஆனால் இண்டைக்குப் பிறகு உவை ரெண்டு கப்பியிலையும் அள்ளுவினம். உங்கடையிலையும். ஓமெண்டு சொன்னால் இறங்குவினம்.”

“பாப்பம்.”

யாழ்ப்பாணத்தில் ‘பாப்பம்’ என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இறங்கினார்கள். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும். அழுகிய கிடுகு வாளி வாளியாக ஏறிவந்தது. குஞ்சம்மா கட்டில் குடை பிடித்துக்கொண்டு இருந்து, கீழே நிற்கிறவர்களுக்குக் கட்டளை போட்டாள். நடுவில் கடைசி வாங்குக்காரியைப் பார்த்து, சம்பந்தமில்லாமல், “அந்த உப்புக்கு நான் ஒரு புள்ளி போட்டிருக்கலாம்” என்றாள்.

“இப்ப போட்டு என்ன ரீச்சர்? நான் பெயிலாகிப் பேத்தியும் கண்டிட்டன்.”

அடுத்த நாள் ஊற்று தெளிந்து வந்தது. பார்த்தால், மாமாவின் கப்பியில் கயிறு இல்லை. வாளியும் இல்லை. அவற்றைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்த் தன் படுக்கை அறையில் கொழுவி வைத்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கயிற்றோடு வருவார், பூட்டுவார், அள்ளுவார், கழற்றுவார், கொண்டுபோவார். வருஷக்கணக்காக. மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த சங்கிலியைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை. கரைக்குத் திரும்ப முடியாமல் அவர்கள் எங்கள் ஊரிலேயே தங்க, குழந்தை வளர்ந்து, நடந்து, குஞ்சம்மாவின் தொட்டிக்குள் குதித்து விளையாடுகிற வயதுக்கு வந்தது. ஒருநாள் வேலிக் கண்ணுக்குள்ளால் அவரைப் பார்த்துக் கேட்டது:

“ஐயா ஏன் கயித்தைப் படுக்கவைக்கிறவர்?”

மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சண்டை கொஞ்சம் ஓய்ந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது குஞ்சம்மா செத்தாள். நெஞ்சு நோவு. குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளியது கடைசி வாங்குக்காரி, எங்கள் பக்கத்துக் கப்பியில். மாமா கண்டார். செத்தவளுக்குக் கிருமி தொற்றாது என்று நினைத்தாரோ என்னவோ, பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததற்குத்தான் கல்வெட்டில் நாலாம் பக்கத்தில் பழிவாங்கினார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் எழும்பி, ஒரே தெருவால் தென்மராட்சிக்கு நடந்தது. எல்லாரும். குலவிளக்கு, கற்பகதரு, பண்டிதர், நாங்கள். கடைசி வாங்குக்காரியின் குடும்பம் அந்தக் கூட்டத்தில் எங்கே தவறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமாவின் தோளில் ஒரு பை. உறுதி, ஓய்வூதியக் கடதாசி, மிச்சமாய்க் கிடந்த கல்வெட்டுக் கட்டு. கயிறு கொண்டுவர மறந்துவிட்டார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் ஒரு தோட்டத்து வீட்டுக் கிணற்றடியில் எங்கள் சனம் வரிசையில் நின்றது. மாமாவுக்குப் பின்னால் நான். வீட்டுக்காரப் பெண் கட்டில் நின்று செம்பைப் பிடித்திருந்தாள். மாமா நேரே போய்க் கயிற்றில் கை வைத்தார்.

“கயித்தைத் தொடாதையுங்கோ, ஐயா. நான் ஊத்திறன்.”

“பிள்ளை, நாங்கள் கொக்குவில். நல்ல ஆக்கள். எங்கடை பரம்பரை…”

பையைத் திறந்தார். கல்வெட்டு ஒன்றை எடுத்து, மழையில் மை பரவிய கோட்டுத் தாளில் பரம்பரை எழுதிய பக்கத்தைத் தேடினார். பாட்டன், பூட்டன், அண்ணன் சொல் தட்டாத தங்கை. எல்லாரும் ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்தார்கள்.

“எல்லாரும் உதைத்தான் சொல்லுகினம், ஐயா,” என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமில்லை, காலையிலிருந்து ஊற்றுகிற கை நோவு மட்டும் இருந்தது. “இத்தினை சனத்துக்குள்ளை ஆர் எந்த ஆக்கள் எண்டு நான் எங்கை போய் விசாரிக்க? பின்னாலை ஆக்கள் நிக்கினம். குனியுங்கோ.”

மாமா குனிந்தார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் குவித்தார். அவள் செம்பைச் சரித்தாள். குடித்து, வாயைத் துடைத்து, முகத்தைச் சுளித்து, அந்தக் கிணற்றையும் அந்த ஊரையும் ஒரே சொல்லில் தள்ளிவைத்தார்.

“உப்பு.”

குஞ்சம்மா இருந்திருந்தால் அந்த விடைக்கு இந்தமுறை ஒரு புள்ளி போட்டிருப்பாள். நான் போடவில்லை. என் முறை வந்தது. குனிந்து கையைக் குவித்தேன்.